மாயை என்னுஞ் சொல்லும் கந்தபுராணத்து மாயையும்

தமிழிலக்கியத்தைச் சமயப்பற்றோடு பயில்வோரும், சமயத்தை மறுக்கும் நோக்கோடு பயில்வோரும் ஒருமித்து ஏற்றுக்கொள்ளும் செய்திகள் மிகச் சிலவே. 'மாயை' என்றால் பொய்த்தோற்றம் என்பது அவற்றுள் ஒன்று. முன்னவர் அதனைப் பெருமையாகச் சொல்வர். உலகம் மாயை என்று உணர்ந்தமையே நம் முன்னோரின் ஞானம் என்பர். பின்னவர் அதனையே குற்றச்சாட்டாகத் திருப்புவர். பசியையும் பிணியையும் மாயை என்று சொல்லி மக்களை ஆற்றுப்படுத்திய தத்துவம் என்பர். இரு சாராரும் சொல்லின் பொருள் முடிந்த முடிபு எனக் கொண்டே வழக்காடுகின்றனர். சொல்லை ஆராயப் புகுந்தால் வழக்கின் அடித்தளமே அசைகின்றது. அவ்வசைவு, யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களிலே ஆண்டுதோறும் படித்துப் பயன் சொல்லப்பட்டு வந்த கந்தபுராணத்தை நாம் விளங்கிக்கொள்ளும் முறையையும் தாக்குவது.

பாரதியின் (1882-1921) இரு பாடல்களை முதலில் நினைவுகூர்தல் தகும். 'மாயையைப் பழித்தல்' என்பதிலே அவன் மாயையை எதிரில் நிறுத்தி அறைகூவுகின்றான். 'உலகத்தை நோக்கி வினவுதல்' என்பதிலே, காணப்படும் பொருள்களை ஒவ்வொன்றாக அழைத்து, நீங்களெல்லாம் வெறுந் தோற்றந்தாமோ எனக் கேட்டு, காண்பது சக்தியே என்னும் உறுதிப்பாட்டிற்கு வந்து சேர்கின்றான். மாயையை மறுப்பதற்குச் சக்தியைத் துணைக்கழைத்தான் பாரதி. ஆனால் மாயை என்னுஞ் சொல் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இலக்கியத்திலே அதன் பொருள் சக்தி என்பதற்கு மிக அணுக்கமானது. பாரதி பழித்தது சொல்லின் பிற்காலப் பொருளை. துணைக்கழைத்தது ஏறத்தாழ அதன் முற்காலப் பொருளை.

அம்முற்காலப் பொருளை இருக்குவேதத்திலே காண்கின்றோம். ஐந்தாம் மண்டலத்து 85ஆம் சூக்தம் வருணனைப் போற்றுவது. இடைவெளியிலே நின்று, அளவுகோல் கொண்டு அளப்பான் போல, ஞாயிற்றைக் கொண்டு நிலத்தை அளந்தமை அவனது பெரிய மாயை எனப்படுகின்றது. 'மா' என்னும் வினையடி வடமொழியில் அளத்தலைக் குறிக்கும். மாயை என்ற பெயரும் அளந்தான் என்ற வினையும் அங்கே ஒரு பாட்டுக்குள் அருகருகே நிற்பதால், இரண்டுக்கும் உறவுண்டு என்ற எண்ணம் அப்புலவனிடத்தே இருந்திருத்தல் வேண்டும் எனக் கருதலாம். டச்சு அறிஞர் கொண்டா, 1959இல் வெளிவந்த தம் வேதமொழி ஆய்வுகளுள் ஒன்றில், இவ்வேரையே சார்ந்து நின்று, கருத்திலே உள்ளதை அளவும் வடிவும் உடைய பொருளாக ஆக்கும் ஆற்றல் என இச்சொல்லை விளக்கினார். வேதச் சொற்களைத் தொகுத்த பழைய நிகண்டு மாயையை அறிவின் பெயர்கள் பதினொன்றனுள் ஒன்றாக வைத்தமையும் இதற்கு அரணாகும். பொய் என்ற பொருளே முதன்மையானதாயின், அறிவின் பெயர்களுக்கிடையே அதற்கு இடம் கிடைத்திராது.

ஆயினும், வேதகாலத்து மாயை குற்றமற்ற தூய ஆற்றல் என்றும், பிற்காலத்தவரே அதனைக் கெடுத்தனர் என்றும் கூறிவிடுதல் மிகைபடக் கூறலாகும். இந்திரன் தன் மாயைகளாற் பல வடிவங்கொண்டு திரிகின்றான் என்று ஆறாம் மண்டலம் கூறும். அவனுடைய பகைவர்களும் மாயையுடையவர்களே. மாயாவியான சுஷ்ணனை இந்திரன் மாயைகளாலேயே வென்றான் என்பது முதலாம் மண்டலத்துச் செய்தி. பத்தாம் மண்டலத்திலே ஓரிடத்தில், இந்திரன் செய்ததாகச் சொல்லப்படும் போர்களெல்லாம் மாயையே என ஒரு புலவன் கூறுகின்றான். தோற்றம் என்ற பொருளின் முளை அங்கேயே இருக்கின்றது. யாவர் கையில் இருக்கின்றது என்பதைப் பொறுத்து வியப்பாகவோ வஞ்சனையாகவோ தோன்றும் ஆற்றல் அது. நம்மவன் செய்தால் திறமை. பகைவன் செய்தால் சூழ்ச்சி. மொழியின் இயல்பு எக்காலத்தும் இதுதானே!

அதர்வவேதத்திலுள்ள ஒரு செய்தி நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. விராஜ் என்னும் பேராற்றல் பசுவின் இயல்பினதாய்ப் பல்வேறு கூட்டத்தாரிடம் செல்கின்றது. அசுரரிடம் சென்றபோது அவர்கள் அதனை 'மாயையே வருக' என்று அழைத்து, இரும்புக் கலத்திலே மாயையைக் கறந்து, அதனைக் கொண்டு உயிர் வாழ்கின்றனர். மாயை இங்கே அசுரர்க்குப் பால். இதனைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

இதிகாசத்துக்கு வந்தால் மாயையின் கைவினைப் பக்கம் இன்னும் தெளிவாகின்றது. இந்திரப்பிரத்தத்திலே பாண்டவர்க்கு மண்டபம் அமைத்தவன் மயன் என்னும் அசுரத் தச்சன். மயன் என்ற பெயரும் மாயை என்ற சொல்லும் ஒரே வேரினவா என்பது வேறு வினா. கதையிலே அவை ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. பளிங்குத் தரையை நீரென்று கருதி ஆடையை உயர்த்திய துரியோதனன், நீரைத் தரையென்று கருதி அதனுள் விழுந்தான். மண்டபம் பொய்யன்று, கல்லும் பளிங்கும் மெய்யே. பிழை காண்பான் கண்ணிலே நேர்ந்தது. ஆக்கியவனின் திறன் எவ்வளவு உயர்கின்றதோ அவ்வளவுக்குக் காண்பவனின் மயக்கமும் உயர்கின்றது. ஆக்கும் ஆற்றல் என்ற பொருள் மயக்குந் தோற்றம் என்ற பொருளாகத் திரிந்த வழியை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறொன்றை நான் அறியேன்.

இனித் தமிழை நோக்குவோம். தமிழில் இச்சொல்லைச் சூழ்ந்து நிற்பவை வேறு சில சொற்கள். அவற்றைப் பிரித்தறியாமையே பல குழப்பங்களுக்குக் காரணம். 'மா' என்பது கருமை. முல்லைநிலத் தெய்வமாகத் தொல்காப்பியம் கூறும் மாயோன் கருநிறத்தோன். குறுந்தொகை 9ஆம் பாட்டிலே தலைவி மாஅயோள் எனப்படுகின்றாள். அவளை வஞ்சகி என்று எவரும் உரை கூறார். 'மாய்' என்பது மறைதலையும் அழிதலையும் குறிக்கும் வினை. யானையையும் மறைத்துவிடுமளவுக்குக் கதிர் உயர்ந்த வயலைக் கூறுமிடத்து மதுரைக்காஞ்சி இவ்வினையின் பிறவினை வடிவத்தையே ஆள்கின்றது. இவ்விரண்டோடும் வடமொழி மாயை வந்து கலந்தபோது, ஒலியொப்புமை பொருளொப்புமையாக மாறியது. கருநிறத்தோனாகிய மாயோன் மாயவனாகி, மாயச் செயல் புரிபவனானான்.

மாயை என்னுஞ் சொல்லே தமிழ் 'மாய்' என்பதிலிருந்து பிறந்தது என்று வாதிப்போர் உளர். தமிழின்மேற் கொண்ட அன்பு போற்றத்தக்கது; ஆனால் இவ்வாதம் நிற்காது. மறைதலும் அழிதலும் வேதத்து மாயையின் மையப் பொருள்கள் அல்ல. அதன் மையம் ஆக்கல். மறைத்தற் பொருள் முனைப்புப் பெற்ற பிற்காலத்து மாயையை வைத்துக்கொண்டு வேர் தேடுவதாலேயே இம்முடிபு கிடைக்கின்றது. 'மாய்' என்ற வினை வேறொன்றை விளக்கும்: மாயை என்றவுடன் மறைப்பு, அழிவு என்ற எண்ணங்கள் தமிழ்ச் செவிக்கு ஏன் இத்துணை இயல்பாக வந்து சேர்கின்றன என்பதை அது விளக்கும். 'மயங்கு' என்னும் வினையும் மோனையால் ஈர்க்கப்பட்டு உடன் சேர்ந்துகொண்டது.

திருக்குறளிலே மாயம் தெளிவாக வஞ்சனைதான். 918ஆம் குறள் பொதுமகளிரைப் பற்றியது. 1258ஆம் குறளிலே காதலனே மாயங்கள் பல வல்ல கள்வனாகின்றான். பின்னதில் வெறுப்பைக் காட்டிலும் வியப்பே மிகுதி என்பது என் கருத்து. பௌத்தத்திலும் இவ்வறவியற் பொருளே உண்டு. பாளி மச்சிம நிகாயத்தின் ஏழாவது சூத்திரம் உள்ளத்து மாசுகள் பதினாறு எனக் கணக்கிட்டு, மாயையை அவற்றுள் ஒன்றாக வைக்கின்றது. உலகத்தின் இயல்பு பற்றிய கோட்பாடு எதுவும் அங்கில்லை. மனிதரிடத்துள்ள வஞ்சகம் என்ற அளவே பொருள்.

உலகத்தின் இயல்பைக் குறிக்கும் சொல்லாக மாயையை உயர்த்தியது வேதாந்தம். அங்கும் ஒரு வியப்புண்டு. பிரமசூத்திரத்திலே மாயை என்னுஞ் சொல் ஒரேயொரு முறைதான் வருகின்றது. அதுவும் கனவைப் பற்றிய சூத்திரத்திலே. கௌடபாதரிடம் அச்சொல் பெருவழக்கிற்று. சங்கரர் தம் பாடியத்தைத் தொடங்கும்போது அடிப்படையாகக் கொள்ளுஞ் சொல் அவிச்சையே. மாயையைக் கூறுமிடங்களில் அவர் காட்டும் உவமை கூர்ந்து நோக்கற்பாலது: வாளும் கேடயமும் ஏந்திக் கயிற்றின்வழியே வானத்தில் ஏறும் மாயாவி வேறு, உண்மையில் நிலத்திலே நிற்கும் மாயாவி வேறு என்கின்றார். சந்தையிலே கூட்டங் கூட்டி வித்தை காட்டும் ஒருவனை அவர் கண்டிருத்தல் வேண்டும். மாயையைப் பொய்யென்று நிறுவ வந்த மரபும் ஒரு கைவினைஞனை இழக்காமலே தன் உவமையைச் சொல்கின்றது. மாயாவாதம் என்ற பெயரோ எதிர்த்தரப்பினர் இட்ட வசைப்பெயர்.

அவ்வெதிர்த்தரப்பினருள் இராமாநுசர் சொல்லாராய்ச்சியையே படைக்கலமாகக் கொண்டார். மாயை என்னுஞ் சொல் பொய்யைக் குறிப்பதன்று. வியத்தகு பொருள்களைப் படைக்கும் ஆற்றலைக் குறிப்பது என அவர் வாதித்தார். சமயச் சார்பினால் எழுந்த வாதமேயாயினும், இருக்குவேதத்து வழக்கை நோக்க, இவ்வொரு பொருளில் வரலாறு அவர் பக்கமே சாய்கின்றது. திருப்பாவையின் ஐந்தாம் பாட்டு 'மாயன்' என்ற பெயரோடு தொடங்குவதற்கு வைணவ உரைகாரர் வியத்தகு செயலுடையவன் எனப் பொருள் காண்பதும் இந்நெறியிலேதான்.

சைவசித்தாந்தம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. அதற்கு மாயை ஆற்றல் மட்டுமன்று, பொருள். குடத்துக்கு மண் எவ்வாறோ அவ்வாறே உலகுக்கு மாயை முதற்காரணம். சிவன் நிமித்த காரணன். அவன் சத்தி துணைக்காரணம். இல்லாதது தோன்றாது, ஆகவே உலகம் தோன்றுதற்கு முன்னும் ஒடுங்கிய பின்னும் மாயையாய் உள்ளது. இதற்கேற்பச் சொற்பிறப்பும் வகுத்துக்கொண்டனர்: ஊழியிலே எல்லாம் அடங்குவது, படைப்பிலே எல்லாம் வெளிப்படுவது என இரு வினைகளைக் கூட்டி மாயை என்ற பெயரைப் பிரித்தனர். மொழிநூலார் இதனை ஏற்கமாட்டார். கொள்கை தன் சொல்லை எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

சிவஞான சித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரத்திலே அருணந்தி சிவாசாரியார் மாயையின் இயல்புகளை அடுக்குகின்றார்: அழிவற்றது, அருவானது, ஒன்றேயாவது, உலகுக்கு வித்து, அறிவற்றது, எங்கும் பரந்தது, இறைவனுக்கு ஒரு சத்தி, உயிர்களுக்கு உடலும் கருவியும் உலகும் நுகர்ச்சியும் ஆவது. இத்தனைக்கும் பின்னரே, ஈற்றில், மயக்கத்தையும் செய்யும் என்று கூறி முடிக்கின்றார். அந்த 'உம்'மையை நம் பேச்சாளர் பலர் படிப்பதில்லை. அடுக்கின் முதலில் நிற்பன எல்லாம் நழுவி, ஈற்றில் நிற்கும் ஒன்றே மாயையின் முழுப்பொருளாகிவிட்டது. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிலே மாயையை விடியுமளவும் எரியும் விளக்குக்கு ஒப்பிடுகின்றார். இருளாக இருப்பது ஆணவம், மாயையன்று. அவரே 1313இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்திலே மாயாவாதியை முதலில் நிறுத்தி மறுக்கின்றார். சித்தாந்தத்தை 'உலகைப் பொய்யென்ற தத்துவம்' எனச் சாடும் விமர்சகர், சித்தாந்திகள் எழுநூறாண்டுகளுக்கு முன்னரே மறுத்துவிட்ட கொள்கையை அவர்தம் தலையிலேயே சுமத்துகின்றனர்.

இனிக் கந்தபுராணத்துக்கு வருவோம். கச்சியப்ப சிவாசாரியாரின் காவியத்திலே மாயை ஒரு பெண், அசுரேந்திரன் மகள், சூரபன்மன், சிங்கமுகன், தாரகன், அசமுகி ஆகியோரின் தாய். இப்புராணத்தைத் தத்துவ உருவகமாக விளக்குவோர் சூரபன்மனை ஆணவம் என்றும், சிங்கமுகனைக் கன்மம் என்றும், தாரகனை மாயை என்றும் கொள்வர். மேடையிலே இது எடுப்பாக இருக்கும், கேட்போர்க்கும் பயனுண்டு. ஆனால் தாய் என்னாவாள்? மாயை என்ற பெயர் பூண்டவள் ஆணவத்தைப் பெற்றாள் என்றால், செம்பிற் களிம்புபோல் உயிரோடு தொடக்கமின்றியே உள்ளதாகச் சித்தாந்தம் கூறும் ஆணவத்துக்குத் தொடக்கம் வந்துவிடும். மாயையிலிருந்து ஆணவம் பிறந்ததாகவும் முடியும். மாயையே மாயையைப் பெற்றது என்ற இடர்ப்பாடும் உடன் எழும். தாய் சுத்தமாயை, மகன் அசுத்தமாயை என வகுத்துத் தப்ப முயலலாம். சிவதத்துவங்களுக்கு இடமான சுத்தமாயையை அசுரர்க்குத் தாயாக்குவது அதனினும் பெரிய இடர்ப்பாடு. உருவகம் பிள்ளைகளிடத்துப் பொருந்தித் தாயிடத்து முறிகின்றது.

உருவகத்தை ஒருபுறம் வைத்துக் கதையை அதன் சொற்படி படித்தால் முறிவு தோன்றுவதில்லை. சுரசை என்ற பெயருடைய அப்பெண், சுக்கிராசாரியிடம் மாய வித்தைகளையெல்லாம் கற்றுத் தேர்ந்தமையால் மாயை எனப் பெயர் பெற்றாள். பெயர்க்காரணத்தைக் காவியமே கூறிவிட்டது. கற்ற கலையாற் பெற்ற பெயர் அது. காசிபன் தவஞ் செய்யும் இடத்துக்குச் சென்றவள் முதலிற் செய்த காரியம் என்ன? சோலையும் பொய்கையும் மண்டபமும் ஆக்கினாள். மயனின் கைவினையே இங்கே பெண்ணுருக்கொண்டு நிற்கின்றது. ஓரிரவின் யாமங்கள்தோறும் அவளும் காசிபனும் மக்களும் சிங்கமும் யானையும் ஆடுமாக வடிவம் மாறிப் பிள்ளைகளைப் பெறுகின்றனர். மாயைகளாற் பலவடிவங் கொள்ளும் இந்திரனை ஆறாம் மண்டலத்திலே கண்டோம். அதே ஆற்றல் இங்கே அசுரர் பக்கத்துக்கு வந்திருக்கின்றது. அசுரர் மாயையைக் கறந்து உயிர் வாழ்ந்தனர் என்ற அதர்வவேதச் செய்தியை இத்தாயின் அருகே வைத்துப் பாருங்கள். நூல்வழித் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. இடையிலுள்ள காலம் மிகப் பெரிது. ஆயினும் அசுரரின் உயிர்ப்புக்கு ஊற்று மாயை என்ற எண்ணம் இரண்டிடத்தும் ஒன்றே.

அசுரகாண்டத்தின் உச்சம் எனத் தகுவது இரண்டு உபதேசங்களின் மோதல். காசிபன் பிள்ளைகளுக்கு அறத்தையும் தவத்தையும் வீட்டுநெறியையும் கூறுகின்றான். அவன் சொல்லி முடித்தபின் தாய் பேசுகின்றாள். அது வீடு வேண்டுவார்க்குரிய பேச்சு. உங்களுக்கு வேண்டுவது செல்வமும் ஆற்றலும் அரசும். அதற்கு வேள்வி செய்யுங்கள் என்பது அவள் கூற்றின் சாரம். உலகம் பொய் என்று அவள் ஓரிடத்தும் சொல்லவில்லை. உலகம் மெய், பெறத்தக்கது, பற்றிக்கொள்ளத்தக்கது என்று அக்காவியத்திலே மிக அழுத்தமாகச் சொல்பவளே அவள்தான். மாயை என்ற பெயரையே 'உலகம் பொய்' என்பதன் சுருக்கமாகக் கொள்ளும் வாசகன் இப்படலத்தை எவ்வாறு படிப்பான்? அவளுடைய குற்றம் பொய் சொன்னமையன்று. மெய்யான ஒன்றை முழுமையெனக் காட்டியமை. அருணந்தியாரின் அடுக்கிலே மயக்கம் ஈற்றில் நிற்பதன் பொருத்தமும் இங்கே விளங்கும். உள்ள பொருள்தான் மயக்கும். இல்லாத பொருளுக்கு மயக்கும் வலிமை ஏது?

தாரகனை மாயையாகக் கொள்ளும் விளக்கத்துக்கும் கதையிலே ஓரளவு இடமுண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. கிரவுஞ்ச மலை வீரவாகு முதலியோரைத் தன் வழிகளுள் ஈர்த்து மயங்கச் செய்கின்றது. தாரகன் அம்மலையோடு சேர்த்தே அழிக்கப்படுகின்றான். ஆனால் அது அவன் கையாளும் போர்முறை. தாயிடமிருந்து வந்த குடிவழிக் கலை. சூரனும் அதனையே கையாள்கின்றான்.

மாயை இறுதியாகத் தோன்றும் காட்சி யுத்தகாண்டத்திலே வருகின்றது. தம்பியரையும் மைந்தரையும் இழந்து நிற்கும் சூரனிடம் தாய் வருகின்றாள். அவனை முதலிற் கடிந்தே பேசுகின்றாள். பின்னர், மாண்டாரை எழுப்பும் அமுத மந்தர மலை ஒன்று கடலுக்கப்பால் உண்டு, அதனைக் கொணர்க என வழி கூறிச் செல்கின்றாள். சூரன் இந்திரஞாலத் தேரை அனுப்புகின்றான். இந்திரனின் மாயையைப் பெயரிலேயே தாங்கிய அத்தேர் மலையைப் பெயர்த்து வருகின்றது. மலைக்காற்றுப் பட்டதும் களத்திலே கிடந்த அசுரர் எழுகின்றனர். அவர்கள் வெறுந் தோற்றமாய் எழவில்லை. படைக்கலங்களைத் தேடி எடுத்துக்கொண்டு மீண்டும் போருக்கு வருகின்றனர். முருகன் அவர்களை மீண்டும் கொல்லவேண்டியிருக்கின்றது.